மழையைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும்: கடலூர், புதுச்சேரியிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கக் காட்டுயிர்ப் பயணம்

கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு குடும்பம் கென்யாவுக்கோ தான்சானியாவுக்கோ காட்டுயிர் பார்க்கப் போகலாம் என்று பேசத் தொடங்கினால், பெரும்பாலும் முதலில் முடிவாவது மாதம்தான். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, கத்திரி வெயிலிலிருந்து ஒரு வாரம் தப்பித்ததாகவும் இருக்கும் என்று மே மாதத்தைக் குறித்துவிட்டு, அதன் பிறகே எந்த நாடு, எந்தப் பூங்கா, எவ்வளவு செலவு என்று விசாரிக்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழானது. அங்கே ஏப்ரலும் மே மாதமும் பெருமழைக் காலம். 2024 மே 1 அன்று தாலெக் ஆறு கரைபுரண்டு கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தின் கூடார முகாம்கள் பலவற்றை மூழ்கடித்ததில், சுற்றுலா வந்தவர்களை வான்வழியாகவும் தரைவழியாகவும் மீட்க வேண்டியிருந்தது.

எந்த விலங்கை, எந்த நிகழ்வைப் பார்க்க விரும்புகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அது இடத்தைச் சொல்லும். இடமும் மழையும் சேர்ந்து மாதத்தைச் சொல்லும். நம் விடுமுறையை அதற்குள் பொருத்துவது கடைசி வேலை. ஊசுட்டேரியில் வலசைப் பறவைகளைப் பார்க்க எந்த மாதம் போக வேண்டும் என்று அறிந்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. அங்கே பறவைகளுக்கு நீர் எப்படியோ, தான்சானியாவின் செரங்கெட்டிப் பூங்காவில் மேயும் மந்தைகளுக்குப் புல் அப்படி.

இரண்டு மழைகள்

நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து முடித்துவிடுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் கென்யாவிலும் வடக்குத் தான்சானியாவிலும் மழைப் பட்டை ஆண்டுக்கு இருமுறை தலைக்கு மேல் கடந்து போவதால் மழைக்காலமும் இரண்டு. மார்ச்சில் தொடங்கி மே வரை நீள்வது பெருமழை. நவம்பரை ஒட்டித் தொடங்கி டிசம்பர் நடுப்பகுதியில் ஓய்வது சிறுமழை. இவற்றுக்கு இடையே ஜூன் முதல் அக்டோபர் வரை நீண்ட வறட்சிக் காலமும், ஜனவரி, பிப்ரவரியில் குறுகிய வறட்சிக் காலமும் வருகின்றன.

சிறுமழை எல்லா ஆண்டும் ஒரே அளவில் பெய்வதில்லை. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிட வெப்பமாகவும் கிழக்குப் பகுதி குளிர்ந்தும் இருக்கும் ஆண்டுகளில் அது கனத்துப் பெய்து சாலைகளை அறுத்துவிடும். 1997, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் கிழக்கு ஆப்பிரிக்கா வெள்ளத்தில் தவித்தது இப்படித்தான். பருவமழை முன்னறிவிப்பில் இந்திய வானிலை ஆய்வுத் துறை இந்தக் கடல்நிலையைப் பற்றியும் குறிப்பிடுகிறது. நவம்பர், டிசம்பரில் போக நினைப்பவர்கள் முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன் அந்த அறிவிப்பைப் படித்துவிடுவது நல்லது. நம் கரையை நனைக்கும் கடலும் அவர்கள் கரையை நனைக்கும் கடலும் ஒன்றுதான்.

மழைக்காலம் என்றாலே போகக்கூடாது என்று பொருள் அல்ல. மாராவின் பல பகுதிகள் கரிசல் மண். நனைந்தால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகூடச் சேற்றில் அமர்ந்துவிடும். புல் உயர்ந்து நிற்பதால் சிங்கம் பத்தடி தூரத்தில் படுத்திருந்தாலும் தெரியாமல் போகலாம். ஆனால் நிலம் பச்சைப் பசேலென்று இருக்கும், விடுதிக் கட்டணம் இறங்கியிருக்கும், வண்டிகளும் குறைவாக இருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வலசை வந்த பறவைகள் அங்கே தங்கியிருக்கும். நாகாலாந்திலும் மணிப்பூரிலும் கூட்டம் கூட்டமாக இளைப்பாறும் அமூர் வல்லூறுகள் அரபிக் கடலைக் கடந்து, அந்தச் சிறுமழைக் காலத்தில்தான் கிழக்கு ஆப்பிரிக்கா வழியே தெற்கு நோக்கிப் பறக்கின்றன. பறவை நோக்குபவர்கள் நவம்பரை அஞ்சத் தேவையில்லை.

மந்தைகள் எப்போது எங்கே இருக்கும்

வில்டபீஸ்ட் எனப்படும் அந்தத் தாடி வைத்த பெரிய மான்கள் சுமார் 13 லட்சம் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. அவற்றோடு சில லட்சம் வரிக்குதிரைகளும் சிறுமான்களும் சேர்ந்துகொள்கின்றன. இந்த எண்ணிக்கை என்றும் இப்படியே இருந்ததில்லை. நம் ஊர் மாடுகளையும் வாரிக்கொண்டு போன வெக்கை நோய் 1890களில் ஆப்பிரிக்காவின் கால்நடைகளையும் காட்டு விலங்குகளையும் ஒருசேர அழித்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் நலிந்தே கிடந்த வில்டபீஸ்ட் மந்தை, 1960களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சமாக இருந்தது. சுற்றுவட்டாரத்து மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு நோயை அடக்கிய பின், 1970களின் இறுதிக்குள் அது ஐந்து மடங்காகப் பெருகியது. அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என்று 2011இல் அறிவித்தார்கள். இன்று நாம் பார்க்கும் வலசைக்குப் பின்னால் கால்நடை மருத்துவர்களின் உழைப்பும் இருக்கிறது.

வலசை என்பது ஒரு நாளில் தொடங்கி ஒரு நாளில் முடியும் நிகழ்ச்சி அல்ல. கடிகாரம் சுற்றும் திசையில் ஆண்டு முழுதும் நடக்கும் பெரிய வட்டம் அது. டிசம்பர் முதல் மார்ச் வரை மந்தைகள் தெற்கே, எண்டுட்டு ஏரியைச் சுற்றிய குட்டைப்புல் சமவெளிகளில் இருக்கும். எரிமலைச் சாம்பல் படிந்த நிலம் அது. ஓல் டொய்ன்யோ லெங்காய் என்னும் எரிமலை அதற்கு அருகில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சாம்பல் மண்ணில் விளையும் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் மிகுதி என்பதால், பாலூட்டும் தாய்களுக்கு அதைவிட நல்ல மேய்ச்சல் கிடையாது. ஜனவரி இறுதியில் தொடங்கி பிப்ரவரியில் உச்சத்தை எட்டும் ஈற்றுக் காலத்தில், பெரும்பாலான குட்டிகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடுகின்றன. ஒரே நேரத்தில் இத்தனை குட்டிகள் தரையில் விழும்போது, சிங்கமும் கழுதைப்புலியும் சிவிங்கிப்புலியும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு எஞ்சிவிடுகின்றன. பிறந்த சில நிமிடங்களில் எழுந்து நிற்கும் குட்டி, அன்றே தாயோடு ஓடுகிறது.

அவ்வளவு வளமான இடத்தை விட்டு ஏன் கிளம்புகின்றன என்றால், அங்கே நிலைத்த நீர் இல்லை. இங்கோரோங்கோரோ மலைகளின் மழை மறைவில் இருப்பதால், பெருமழை ஓய்ந்ததும் அந்தச் சமவெளி விரைவில் காய்ந்துவிடும். குட்டைகளில் எஞ்சும் நீரும் உப்பேறிப்போகும். ஏப்ரல், மே மாதங்களில் மந்தைகள் நடுச் செரங்கெட்டியான செரோனேரா வழியாக வடமேற்கே நகர்கின்றன. அந்த நடையினிடையே இனச்சேர்க்கைக் காலமும் வருகிறது. ஜூனில் மேற்குப் பகுதியில் க்ருமெட்டி ஆற்றின் கரையில் இருக்கும். ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்குச் செரங்கெட்டியிலும் மசாய் மாராவிலும் பரவி நிற்கும். வறட்சியிலும் ஓடும் மாரா ஆறும், அதிக மழை பெறும் வடபுலத்தின் புல்லும் அவற்றை அங்கே இழுக்கின்றன. சிறுமழை தொடங்கியதும் கிழக்கு ஓரமாகத் தெற்கே திரும்புகின்றன.

இதிலிருந்து திட்டமிடுபவர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. விளம்பரங்களில் வரும், மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு நேர அட்டவணை எதுவும் இல்லை. ஒரே மந்தை ஒரு பருவத்தில் பலமுறை இக்கரைக்கும் அக்கரைக்கும் போய் வரும். ஆயிரக்கணக்கில் கரையில் வந்து மணிக்கணக்கில் நின்றுவிட்டு, ஒன்றும் இறங்காமல் திரும்பிப் போவதும் உண்டு. ‘இந்தத் தேதியில் ஆறு கடப்பதைக் காட்டுகிறோம்’ என்று உறுதி தரும் முகவரை நம்ப வேண்டாம். ஆற்றுக்கு அருகில் குறைந்தது மூன்று இரவுகள், முடிந்தால் நான்கு இரவுகள் தங்குவதுதான் நம்மால் செய்யக்கூடியது. மாராவில் மட்டும்தான் இதைப் பார்க்க முடியும் என்றும் எண்ண வேண்டாம்; தான்சானியப் பக்கம் கோகாடெண்டேயில் அதே ஆறுதான் ஓடுகிறது, அங்கே வண்டி நெரிசல் பொதுவாகக் குறைவு.

நம் நாட்காட்டியோடு பொருத்துவது

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் சொல்லும் முதல் தேர்வு காலாண்டுத் தேர்வு விடுமுறை. செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குள் வரும் அந்த நாட்களில் வறட்சிக் காலம் இன்னும் முடிந்திருக்காது. புல் குட்டையாக இருக்கும், மந்தைகள் மாரா ஆற்றை ஒட்டி இருக்கும், ஆகஸ்டின் நெரிசலும் சற்றுக் குறைந்திருக்கும். அதே காலத்தில் தான்சானியாவின் தாரங்கிரே பூங்காவில் ஆற்றை நம்பி நூற்றுக்கணக்கான யானைகள் திரண்டு நிற்கும். பள்ளிக்குப் பள்ளி விடுமுறைத் தேதி மாறும் என்பதால், பள்ளி ஆண்டு தொடங்கும் ஜூனிலேயே தேதிகளைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஜூலை முதல் அக்டோபர் வரையிலான இடங்கள் ஒன்பது மாதம், ஒரு வருடம் முன்பே நிரம்பிவிடுகின்றன. ஆகவே முந்தைய தீபாவளிக்குள் மாற்றத்தக்க முன்பதிவாகச் செய்துவைத்து, தேதி உறுதியானதும் திருத்திக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் அண்ணனோ சித்தப்பாவோ இருக்கிறார். அவர்கள் பிள்ளைகளுக்கு ஜூலை, ஆகஸ்ட் கோடை விடுமுறை. பாரிஸிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானமும் உண்டு. இரு பக்கத்து உறவும் ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்கும் இடமாக நைரோபியை வைத்துக்கொண்டால், வலசையின் உச்ச காலமும் அதுவே. செலவும் உச்சத்தில் இருக்கும் என்பதை மறைக்கக் கூடாது. மசாய் மாராவில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் 2024 முதல் ஜனவரி–ஜூனில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை–டிசம்பரில் 200 டாலர். அந்த ஒரு நாளும் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைதான். கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால் புறப்படுமுன் சரிபார்க்க வேண்டும்.

நெய்வேலியில் பணி ஓய்வு பெற்ற தம்பதியர் போல, பள்ளி நாட்காட்டிக்குக் கட்டுப்படாதவர்கள் பொங்கல் முடிந்து கிளம்பி, பிப்ரவரியில் எண்டுட்டுவில் இருக்கும்படி திட்டமிடலாம். எல்லாக் காலங்களிலும் சிறந்தது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆறு கடக்கும் காட்சிக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. பிறப்பும் வேட்டையும் ஒரே வெளியில், தடையற்ற பார்வையில் நடக்கின்றன. அங்கிருந்து இங்கோரோங்கோரோ எரிமலைக் குழிக்குப் போவதும் எளிது. சுமார் 600 மீட்டர் ஆழமும் 260 சதுர கிலோமீட்டர் தரைப்பரப்பும் கொண்ட அந்தக் குழியில் ஆண்டு முழுதும் விலங்குகள் இருப்பதால், எந்தத் திட்டத்திலும் அது ஒரு நம்பிக்கையான நாள். கருங்காண்டாமிருகத்தைப் பார்க்கவும் வாய்ப்புண்டு.

அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசி வாரத்தில், சிறுமழை ஓய்ந்திருக்கும். மந்தைகள் தெற்குச் சமவெளிக்கு வந்துகொண்டிருக்கும். ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விலை கட்டுப்படியாகாது. அந்தச் சமயம் கென்யா போவதானால் அம்போசெலிப் பூங்காவை முதன்மையாக வைக்கலாம். 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவின் அடியில் யானைக் கூட்டம் நடப்பதைக் காண விடியற்காலையில் கிளம்ப வேண்டும். வெயில் ஏற ஏறச் சிகரத்தை மேகம் மூடிவிடும்.

மே மாதத்தைத் தவிர வேறு வழியே இல்லை என்பவர்கள் வலசையை மறந்துவிட்டு, செரோனேராவின் சிங்கங்களையும் சிறுத்தைகளையும் இங்கோரோங்கோரோவையும் குறைந்த விலையில் பார்த்து வரலாம். சில முகாம்கள் அந்த மாதங்களில் மூடியிருக்கும்; மழைக்காக ஒன்றிரண்டு நாள் கூடுதலாகவும் ஒதுக்க வேண்டும். அதைவிட, மே மாதம் வறட்சிக் காலம் தொடங்கும் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவுக்கு அந்த விடுமுறையைக் கொடுத்துவிட்டு, கிழக்கு ஆப்பிரிக்காவை இன்னொரு செப்டம்பருக்கு வைத்துக்கொள்வது நல்லது.

வழியும் தாள்களும்

சென்னையிலிருந்து வளைகுடா நகரங்கள் வழியாகவோ அடிஸ் அபாபா வழியாகவோ நைரோபிக்குப் போகலாம். மும்பை போய் அங்கிருந்து நேரடியாகப் பறப்பதும் உண்டு. நைரோபியின் நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்தங்கியது. அங்கிருந்து மாராவுக்கு நரோக் வழியாகச் சாலையில் ஐந்தாறு மணி நேரம் ஆகும், கடைசிப் பகுதி உடம்பை உலுக்கும். முதுகுவலி உள்ள பெரியவர்கள் இருந்தால் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் அதில் ஆளுக்கு 15 கிலோ சுமைதான், அதுவும் மடியக்கூடிய துணிப்பையில்தான் எடுத்துச் செல்ல முடியும்.

வரைபடத்தைப் பார்த்துப் பலர் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள். மாராவும் செரங்கெட்டியும் ஒட்டிக் கிடப்பதால் காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என்று எண்ணிவிடுகிறார்கள். விலங்குகள் கடக்கும் அந்த எல்லையில் பயணிகளுக்கு வழி இல்லை. இசெபானியா, நமாங்கா ஆகிய எல்லைச் சாவடிகளில் ஒன்றின் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். அதற்கு ஒரு நாள் முழுதும் போய்விடும். நுழைவு அனுமதியும் தனித்தனி: கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக இணையவழிப் பயண அனுமதி, தான்சானியாவுக்கு இணையவழி விசா. கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்துத் தரப்படும் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா தான்சானியாவுக்குச் செல்லாது. முதல் பயணத்தில் ஒரு நாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று பூங்காக்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறு நாளில் ஆறு பூங்கா என்பது பெரும்பாலும் சாலையைப் பார்க்கும் பயணமாகத்தான் முடியும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை எவரும் அலட்சியம் செய்யக் கூடாது. கென்யாவிலிருந்து திரும்பும்போது நம் விமான நிலையத்தில் அதைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கும், இதே விதிதான். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். செல்லத் தொடங்கினால் வாழ்நாள் முழுதும் செல்லும். சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் எந்த நாட்களில் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிட வேண்டும். அறுபது வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் முதலில் மருத்துவரைக் கலந்து பேச வேண்டும். மலேரியா தடுப்பு மாத்திரையையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். சிலவகை மாத்திரைகளைப் போவதற்கு முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் சில வாரம் சாப்பிட வேண்டியிருக்கும்.

கடற்கரை ஊர்க்காரர்கள் ஆப்பிரிக்கா என்றதும் வெயிலை மட்டும் நினைக்கிறார்கள். மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது, இங்கோரோங்கோரோவின் விளிம்பு 2,000 மீட்டரைத் தாண்டியது. திறந்த வண்டியில் விடியற்காலைக் குளிர் எலும்பில் இறங்கும். ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும் கட்டாயம் வேண்டும். தாரங்கிரேயிலும் மேற்குச் செரங்கெட்டியிலும் கடிக்கும் செட்சி ஈக்கள் கருநீலத்தையும் கறுப்பையும் நாடி வரும் என்பதால் மண் நிறத் துணிகளே நல்லவை. படையினர் அணிவது போன்ற புள்ளித் துணி வேண்டாம், சட்டச் சிக்கல் வரும். நெகிழிப் பைகளைக் கென்யா 2017இலும் தான்சானியா 2019இலும் தடை செய்துவிட்டன. ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துப் போகிறவர்கள் எவர்சில்வர் டப்பாவிலும் துணிப்பையிலும் எடுத்துச் செல்லுங்கள். சைவ உணவு முன்பே சொல்லி வைத்தால் கிடைக்கும். பல தலைமுறைகளாக இந்தியர்கள் வாழும் நைரோபியில் அது ஒரு குறையே இல்லை.

வண்டியில் ஏறிய பிறகு

வண்டிக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் சன்னல் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் சற்று அனுமதித்தால் மாராவை ஒட்டிய தனிக் காப்பகங்களில் ஓரிரு இரவுகள் தங்கலாம். மசாய் மக்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்த அந்த நிலங்களில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, வழிகாட்டியோடு நடக்கவும் முடியும், நிலத்தின் வருவாயும் அந்தக் குடும்பங்களுக்குப் போகிறது.

ஆற்றங்கரையில் மந்தை வந்து நிற்கும்போது முன்னே ஓடி இடம் பிடிக்கும் வண்டிகள், இறங்கவிருந்த விலங்குகளைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. முதல் சில விலங்குகள் நீரில் இறங்கும் வரை எல்லா வண்டிகளும் தள்ளி நிற்க வேண்டும். சிவிங்கிப்புலிக்கு இது இன்னும் முக்கியம்: வண்டிகள் அதிகம் திரளும் பகுதிகளில் வாழும் தாய்கள், அமைதியான பகுதிகளில் வாழும் தாய்களைவிட மிகக் குறைவான குட்டிகளையே வளர்த்து ஆளாக்குகின்றன என்று மாராவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஓட்டுநர்கள் நெருங்கிப் போவது பெரும்பாலும் பயணிகள் கேட்பார்கள் என்ற எண்ணத்தில்தான். ஆகவே முதல் நாள் காலை வண்டியில் ஏறும்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்: நாங்கள் நெருங்கிப் போகக் கேட்க மாட்டோம், பாதையை விட்டு இறங்க வேண்டாம், ஒரு விலங்கைச் சுற்றி ஏற்கெனவே ஐந்து வண்டி நின்றால் வேறு பக்கம் போகலாம், அதனால் உங்கள் அன்பளிப்பு குறையாது.